ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மலைப் பேருந்து

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பத்து காவான் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில் பேரங்காடி. இருபத்து நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்ட பிறகு நம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்தன, அடுக்குமாடி வீடுகள் வந்தன, கடைத்தொகுதிகள் வந்தன. என் தாத்தா செம்பனைக் குலை வெட்டிய தோட்டத்துப் பக்கத்தில் இன்று சுவீடன் நாட்டு நாற்காலி வாங்கக் கூட்டம் நிற்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். குளிரூட்டி இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, அம்மாவுக்கும் பயமில்லை. அதனால் அங்கே போவதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

நான் கேட்பது வேறு. பினாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிறது. தீவில் உள்ள நல்ல மலைப்பாதைகள் சிலவற்றின் வாசல் வரை பேருந்தே போகிறது. இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு மலையை நடந்து ஏறியிருக்கிறார்கள்?

தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் தன்கதைக் கட்டுரை நினைவிருக்கும். "நான் ஒரு குடை", "நான் ஒரு காலணி" வரிசையில் ஒரு முறை "நான் ஒரு மலை" என்றும் எழுதினேன். மேகம் என் தலையில் குல்லாய் வைக்கும், அருவி என் மார்பில் மாலையாகும் என்றெல்லாம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். 2017-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதி முடிக்கும் வரை நான் ஏறிய ஒரே மலை தண்ணீர்மலை. அதுவும் தைப்பூசத்தன்று, அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு.

தண்ணீர்மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடியோடும் பால்குடத்தோடும் கைக்குழந்தையோடும் நம் மக்கள் அங்கே 513 படிகள் ஏறுகிறார்கள். முட்டிவலிக்காரப் பாட்டிகள்கூட ஏறிவிடுகிறார்கள். ஆக, மலையேறத் தெரியாத சமூகம் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. அதே சாலையில் இன்னும் சற்று உள்ளே நடந்தால் வட்ட வடிவில் ஒரு பழைய வாசல் நிற்கும். ஒரு காலத்துச் செல்வந்தர் மாளிகையின் வாசல் அது. 'மூன் கேட்' என்கிறார்கள். அதன் வழியாகத்தான் கொடிமலைக் காட்டுக்குள் போகும் பாதைகளில் ஒன்று தொடங்குகிறது. இன்னும் கொஞ்சம் போனால் 1884-இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்கா. அங்கிருந்து கொடிமலைக்குத் தார் போட்ட செங்குத்தான ஜீப் பாதையும் உண்டு. தண்ணீர்மலைக்கு வருடந்தோறும் வந்த நாங்கள் பதினெட்டு வருடமாக அந்த வட்ட வாசலைக் கடந்து உள்ளே போனதில்லை. சுவாமி கும்பிட்டோம், தண்ணீர்ப்பந்தலில் சாப்பிட்டோம், வீட்டுக்குத் திரும்பினோம்.

அப்பாவோடு அந்த வாசலுக்குள் நுழைந்தது போன வருடம். அப்பாவுக்கு இனிப்பு நீர் இருப்பது உறுதியாகி, "தினமும் நடங்கள்" என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பைச் சுற்றி நான்கு நாள் நடந்தார். ஐந்தாம் நாள் லாரிகளின் புழுதியைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிறு காலை நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன். சிம்பாங் அம்பாட் நிலையத்தில் கொம்யூட்டர் ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே பெர்ரித் துறை, கடலைத் தாண்டியதும் துறைமுகத்து முனையத்திலிருந்து 10ஆம் எண் பேருந்து. அது தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்கா வரை போகும். காரும் வேண்டியதில்லை, கார் நிறுத்த இடம் தேடும் வேலையும் இல்லை. "இவ்வளவு சுலபமா?" என்று அப்பா பெர்ரியிலேயே இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஏறுவது சுலபமாக இல்லை. தொடக்கத்திலேயே படிகள் செங்குத்தாகப் போகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா நின்றார். எங்களைத் தாண்டி எழுபது வயதுக்கு மேற்பட்ட சீனத் தாத்தாக்களும் பாட்டிகளும் பேசிக்கொண்டே ஏறிப்போனார்கள். கொடிமலைப் பாதைகளில் சில இடங்களில் இவர்களைப் போன்ற மலையேறிகளே ஓய்வுக் குடில் அமைத்து, செடி நட்டு, தண்ணீர் சுமந்து வந்து தேநீர் போட்டு வைக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் ஒரு தாத்தா அப்பாவிடம் கோப்பையை நீட்டி, "முதல் முறையா?" என்று மலாயில் கேட்டார். அப்பா தலையாட்டினார். "நான் முப்பது வருடமாக வருகிறேன். கோயிலுக்குத்தான் உங்கள் ஆட்கள் வருவார்கள், இங்கே வருவது குறைவு" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பும் வழியில் அப்பா அதையே மூன்று முறை சொன்னார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமாக இருந்தால் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசையை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் புரியும். உணவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நாம் நிறையவே பேசுகிறோம். நடப்பதற்கு நல்ல இடம் எங்கே, அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை.

அப்பா அதற்குப் பிறகு ஐந்தாறு முறை வந்துவிட்டார். அவருடைய சர்க்கரை அளவு குறைந்துவிட்டது என்று எழுதினால் கட்டுரைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் மருந்து தொடர்கிறது, அளவு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தத் தைப்பூசத்தில் பால்குடத்தோடு ஏறும்போது இரண்டே இடத்தில் நின்றார் என்பதை மட்டும் சொல்லலாம்.

எல்லாருக்கும் கொடிமலை பிடிக்க வேண்டும் என்பதில்லை. கடலும் காடும் சேர்ந்து வேண்டுமென்றால் தெலுக் பகாங்கில் பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. பந்தாய் ஆச்சே காட்டு ஒதுக்கீட்டுப் பகுதியாக இருந்த இடம், 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. துறைமுகத்து முனையத்திலிருந்து 101ஆம் எண் பேருந்தில் ஏறினால் ஜார்ஜ்டவுன், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று கரையோரமாகவே போய் தெலுக் பகாங்கில் இறங்கலாம். பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சன்னலோர இடம் கிடைத்தால் அலுப்புத் தெரியாது. நுழைவாயிலில் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே போகிறோம். ஒரு பாதை கடலோரமாகக் குரங்குக் கடற்கரைப் பக்கம் போகிறது. மேலும் அப்பால் முக்கா முனையில் 1883-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. இன்னொரு பாதை காட்டைக் குறுக்கே ஏறி இறங்கி பந்தாய் கெராச்சுட்டில் முடிகிறது.

அறிவியல் படிக்கும் மாணவர்கள் கெராச்சுட்டை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கடற்கரைக்குப் பின்னால் ஓர் ஏரி. மேலே ஆற்றிலிருந்து வரும் நன்னீர், கீழே கடலிலிருந்து நுழைந்த உப்புநீர். உப்புநீரின் அடர்த்தி அதிகம், அதனால் அடியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. மழையில்லாத காலத்தில் போனால் ஏரி வற்றிக் கிடக்கும், ஏமாற்றமாக இருக்கும். நாங்கள் போனபோது பாதி ஏரிதான் இருந்தது. பக்கத்திலேயே மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் உண்டு. பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. இடைநிலைப்பள்ளியில் அடர்த்திப் பாடத்தை மலாயில் மனப்பாடம் செய்த எனக்கு, அந்த ஏரிக்கரையில் நின்றபோதுதான் அந்தச் சொல்லுக்கு ஓர் உருவம் கிடைத்தது.

அங்கேதான் தவறும் செய்தோம். நானும் என் தோழியும் ஆமைக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தை மறந்துவிட்டோம். காட்டைவிட்டு வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பேருந்தில் ஏறி, பெர்ரியில் கடந்து, பட்டர்வொர்த்தில் ஓடிப்போய்ப் பார்த்தால் நாங்கள் பிடிக்க நினைத்த ரயில் போய்விட்டது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, கடிகாரம் எங்கள் கையில்தான் இருந்தது. அப்பா பக்கத்து வீட்டு அங்கிளின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அம்மா பேசினார். அடுத்த மூன்று மாதம் எனக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை.

அம்மாவின் தடையை நான் அப்போது எதிர்த்தேன். இப்போது யோசித்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. "காட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை, வீட்டுக்கு எப்படி வருவாய் என்பதுதான் பயம்" என்றார். என் வகுப்பில் படித்த பல பெண்களின் வீட்டிலும் இதே பேச்சுத்தான். தம்பியோ அண்ணனோ மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு போய்விடலாம். அந்த இரண்டாவது பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஒரு கப்சாய் வண்டி எப்படித் தள்ளாடும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பையன்கள் ஆபத்தோடு போகிறார்கள், பெண்கள் போவதே இல்லை. நம்பத்தக்க பேருந்து ஒன்று இருந்தால் இரண்டும் மாறும். பேருந்தை வசதி இல்லாதவர்களின் வண்டி என்று மட்டுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். உரிமம் எடுக்கும் வயது வராதவர்களுக்கும், ஓட்டுவதை நிறுத்திவிட்ட வயதானவர்களுக்கும், மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் தாய்க்கும் அதுதான் வண்டி.

இதுவரை சொன்ன இரண்டு இடமும் தீவில் இருப்பவை. பத்து காவான்காரர்கள் கடலைத் தாண்டிப் போய்த்தான் மலையேற வேண்டுமா? இல்லை. பெருநிலத்திலேயே, நம் பக்கத்திலேயே மலைகள் இருக்கின்றன.

புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன். அங்குள்ள பொழுதுபோக்குக் காட்டில் காலையிலேயே நடப்பவர்கள் கூட்டம் இருக்கும். அந்த மலையடிவாரத்தில், செயின்ட் ஆன் தேவாலயத்தின் பழைய வளாகத்தில், எழுத்துப் பொறித்த ஒரு பாறை இருக்கிறது. பல்லவர் கால எழுத்தைச் சார்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதும் எழுத்து. பள்ளியில் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்கிறோம், கெடாவுக்குச் சுற்றுலா போகிறோம். ரயிலில் போய், மலையேறிவிட்டு இறங்கும் வழியில் பார்த்துவிட்டு வரக்கூடிய இந்தப் பாறையை எத்தனை தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பார்த்திருப்பார்கள்?

இன்னொன்று நிபோங் திபாலில் உள்ள புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்கா. பத்து காவானைப் போலவே அதுவும் செபராங் பிறை செலாத்தானில்தான் இருக்கிறது. தாழ்நிலக் காடு, நீரோடை, குளிக்கக் குளங்கள், கூடாரம் போட இடம், வௌவால் குகை என்று ஒரு முழு நாளுக்கு வேண்டியது எல்லாம் உண்டு. கொடிமலை அளவுக்கு மூச்சு வாங்க வைக்காது. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதன்முதலாக ஏறுபவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் நம் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நிபோங் திபால் வரை ரயிலும் பேருந்தும் வருகின்றன. அங்கிருந்து பூங்கா வாசலுக்குப் பெரும்பாலோர் சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோதான் போகிறார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் போய்வர வாடகைக் காருக்குக் கொடுக்கும் காசு, மற்ற எல்லாச் செலவையும்விடக் கூடிவிடுகிறது. கடல் கடந்து தெலுக் பகாங் போவது, பக்கத்து ஊர் மலைக்குப் போவதைவிட எளிதாக இருக்கிறது என்றால் எங்கோ கணக்கு இடிக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் மட்டும், நிபோங் திபால் ரயில் நிலையத்துக்கும் புக்கிட் பஞ்சோர் வாசலுக்கும் இடையே ஒரு சிறிய பேருந்து. காலையில் ரயில் வரும் நேரத்துக்கு இரண்டு நடை, மாலையில் ரயில் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நடை. அவ்வளவுதான்.

இது புதிய யோசனையும் இல்லை. ஹாங்காங் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வானுயர்ந்த கட்டடங்கள். ஆனால் அங்கே நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பசும்பகுதி. 1976-இல் அதற்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். 1979-இல் 100 கிலோமீட்டர் நீளமுள்ள மெக்லஹோஸ் மலைப்பாதையைத் திறந்தார்கள். சட்டமும் பாதையும் மட்டும் இருந்திருந்தால் காரில் வருபவர்களுக்குத்தான் பயன்பட்டிருக்கும். அங்கே விடுமுறை நாள்களுக்கென்றே சில பேருந்துகள் ஓடுகின்றன. 96ஆர் என்ற பேருந்து நகர ரயில் நிலையத்திலிருந்து மலையேறிகளை ஏற்றிக்கொண்டு சாய் குங் மலைப்பகுதி வழியாகப் படகுத்துறை வரை போகிறது. வார நாளில் ஆளில்லாத தடத்தில் தினமும் ஓட்டி நட்டப்பட வேண்டியதில்லை. ஆள் வரும் நாளில் ஓட்டினால் போதும்.

"விட்டால் யார் ஏறுவார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் மாதம் காலியாகக்கூட ஓடலாம். அதை நிரப்புவது நம் வேலை. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கோயில் இளைஞர் பிரிவுகள், பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்கள் என்று நம்மிடம் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. வருடத்துக்கு ஒரு ஆடம்பர இரவு விருந்து நடத்தும் நாம், மாதத்துக்கு ஒரு மலை நடையும் நடத்தலாம். (விருந்தில் நானும் ஆடியிருக்கிறேன், அதனால் சண்டைக்கு வராதீர்கள்.)

"கூட்டம் போனால் காடு கெடும்" என்பது இன்னொரு வாதம். இதை லேசாகத் தள்ள முடியாது. தாவரவியல் பூங்காவில் குரங்குகளுக்கு வேர்க்கடலை போட்டுப் பழக்கி, இப்போது அவை பையைப் பறிக்கின்றன என்று புலம்புகிறோம். புக்கிட் பஞ்சோர் குளத்தில் நாசி லெமாக் பொட்டலம் மிதக்க வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை. ஆனால் குப்பை பேருந்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. காரில் வருபவர்களும் அதைப் போடத்தான் செய்கிறார்கள். குழுவாகப் போகும்போது ஓர் ஆசிரியரோ ஓர் அண்ணனோ அதட்டுவதற்காவது இருப்பார்.

மழையைப் பற்றிய எச்சரிக்கையும் அவசியம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல் மழையை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைகளில் மண் சரிந்தது, மரங்கள் சாய்ந்தன, கொடிமலைச் சாலையே சேதமானது. ஆகவே கிளம்புவதற்கு முன்பு, போக நினைக்கும் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். காலையிலேயே தொடங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நல்ல பிடிமானமுள்ள காலணி, முழுதாக மின்னூட்டிய கைப்பேசி. எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டுப் புலனக் குழுவில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டாலும் தப்பில்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மனு தயாராகியிருக்கிறது. மலாயில் நானும் தோழியும் எழுதினோம், பெரியவர்கள் படிப்பதற்காகத் தமிழிலும் ஒரு படி எடுத்தோம். செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் மாநில அரசுக்கும் அனுப்பப் போகிறோம். அப்பாதான் வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குகிறார். நடப்பதற்கு அவருக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, மாலையின் கடைசிப் பேருந்து ரயில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.